வெங்காயத்தின் பூவும் வெங்காயத்தின் வாடையும்

வெங்காயத்தைப் பூவுக்காகவே வளர்ப்போர் உலகில் உண்டு என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். கிலோ விலை ஏறும்போதெல்லாம் குழம்பில் எத்தனை போடலாம் என்று எண்ணிப் போடுகின்ற நமக்கு அது விசித்திரமாகவே தோன்றும். நெதர்லாந்தில் பணிபுரியும் உறவினர் ஒருவர் அனுப்பிய புகைப்படத்தைப் பார்க்கும் வரை நாமும் அறிந்திருக்கவில்லை. நெஞ்சளவு உயர்ந்த தண்டுகளின் நுனியில், குழந்தையின் தலையளவு ஊதாப் பந்துகள். ஒரு பூங்காவின் வரப்பு நெடுக அவை நின்றிருந்தன. “இவையும் வெங்காயம்தான் ஹஜ்ரத்” என்று கீழே எழுதியிருந்தார்.

அவர் சொன்னது உண்மையே. வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட தாவரப் பேரினத்துக்கு அல்லியம் என்று பெயர். அதில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சமையலுக்கு வருபவை அவற்றுள் சிலவே. பந்து போன்று பூக்கும் பெரிய இனங்களில் பலவற்றுக்குப் பிறந்தகம் மத்திய ஆசியா. உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரானின் வடகிழக்கு மலைகள். அங்கே குளிர்காலம் முழுவதும் கிழங்கு உறைபனிக்கு அடியில் கிடக்கும். வசந்தத்தில் பனி உருகியதும் இலை விரிந்து, தண்டு எழுந்து, பூத்து, கோடை தொடங்குமுன் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து, கிழங்கு மீண்டும் மண்ணுக்குள் அடங்கிவிடும். இவற்றுள் உயரமானதும் புகழ்பெற்றதுமான ‘அல்லியம் ஜைஜான்டியம்’ என்ற இனத்துக்கு 1883-ஆம் ஆண்டு அறிவியல் பெயர் சூட்டியவர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் பணிபுரிந்த எட்வார்ட் ரேகெல். கஜகஸ்தானின் கராதாவ் மலையைத் தன் பெயரிலேயே தாங்கிய இன்னோர் இனமும் உண்டு. அது உயர்ந்து வளர்வதில்லை. சாம்பல் பூத்த அகன்ற இரண்டு மூன்று இலைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி வெளிர்ப் பந்தாக அமர்ந்திருக்கும். அம்மலைகளிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்ற இக்கிழங்குகளை இன்று வயல் வயலாக வளர்த்து உலகெங்கும் விற்பது நெதர்லாந்து.

இதனைப் படித்தபோது வேறொன்று நம்மைச் சற்று நிறுத்தியது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194-இல் பிறந்தது இதே உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில். ஹிஜ்ரி 256-இல் வஃபாத்தானது சமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில். பச்சைப் பூண்டையும் வெங்காயத்தையும் தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருவது பற்றிய நபிமொழிகளைத் தம் ஸஹீஹில் தனித் தலைப்பிட்டுத் தொகுத்தவர் அவரே. அந்த நபிமொழிகள் நம் கைக்கு வந்த நாட்டிலிருந்தே அந்தப் பூக்களும் உலகுக்கு வந்திருக்கின்றன. பாடம் நடத்துகின்றவனுக்கு இத்தகைய பொருத்தங்களில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

அம்மலை வெங்காயங்கள் நம் ஊரில் வளருமா என்றால், வளராது. பூத்தண்டு உருவாக வேண்டுமெனில் கிழங்கு பல வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தாக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்து மார்கழியில் நாம் போர்வை தேடுவோமே தவிர, அந்தக் கிழங்குக்கு அது குளிரே அன்று. இணையக் கடைகளில் வண்ணப் படத்துடன் விற்கப்படும் அலங்கார வெங்காய விதைகளை வாங்கிச் சமவெளியில் விதைத்துக் காத்திருக்க வேண்டாம் என்று சகோதர சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஊதாவும் நீலமுமாகப் படம் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் மாவட்டமே வெங்காய நாடு அல்லவா! சாலையோரக் காடுகளில் சின்ன வெங்காயம், வயலோரத்தில் பட்டறை போட்டுச் சேமித்த விதை வெங்காயம், சந்தை நாளில் தெருவெங்கும் பறக்கும் சருகு. இத்தனை வெங்காயத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவர்கூட வெங்காயப் பூவைப் பார்த்ததில்லை என்பது வகுப்பில் கேட்டபோதுதான் தெரிந்தது. காரணம் எளிது. சின்ன வெங்காயத்தைக் காயிலிருந்தே நடுகிறோம்; எழுபது, எண்பது நாளில் பிடுங்கிவிடுகிறோம்; நம் நாட்டு ரகங்களில் பல பூப்பதும் அரிது. தப்பித் தவறித் தண்டு எழுந்தால் உழவர் அதனை ஒடித்துவிடுவார். பூ எழுந்தால் காயின் சத்து அதற்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு, சரியான கணக்கே. இதற்கு விலக்கான ரகம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ (ஆன்) 5 என்னும் சின்ன வெங்காயம் தாராளமாகப் பூத்து விதையும் கட்டும். அதனாலேயே இன்று சின்ன வெங்காயத்தை விதையிட்டு நாற்றாகவும் வளர்க்க முடிகிறது.

அந்த ரகத்துக் காய்களை வாங்கிக் கார்த்திகை மாதத் தொடக்கத்தில், மத்ரஸாவின் தென்புறச் சுவரோரம் பன்னிரண்டு தொட்டிகளில் நட்டோம். செம்மண்ணும் மணலும் மட்கிய சாணமும் கலந்த மண். ஒரு தொட்டிக்கு நான்கு காய்கள். காயின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியுமாறு நடவு. வடகிழக்குப் பருவமழை ஓயாத நேரம் என்பதால் தொட்டிகளைச் செங்கல் மீது ஏற்றிவைத்தோம். நீர் தேங்கினால் காய் அழுகிவிடும். அப்படியும் மூன்று தொட்டிகள் அழுகின. இலைப்பேன் வந்து தாளெல்லாம் வெள்ளி பூசியதுபோல் ஆனபோது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தோம். இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்வதற்கில்லை; வெங்காயம் நட்டுப் பழகியவர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.

பூவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நட்டு இரண்டு மாதமானபின் தாள்களுக்கு நடுவே வேறுவிதமான ஒரு தண்டு எழும். உள்ளே கூடாக, நடுவில் சற்றே பருத்து, தொட்டால் உறுதியாக இருக்கும். அதன் நுனியில் மெல்லிய வெண்தோல் ஒரு மொட்டைப் பொதிந்திருக்கும். கூர்முனை கொண்ட சிறிய தொப்பி போன்றது. சில நாளில் அந்தத் தோல் கிழிய, உள்ளிருந்து நூற்றுக்கணக்கான பச்சை மணிகள் வெளிப்படும். ஒவ்வொரு மணிக்கும் தனிக் காம்பு; எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. மணிகள் ஒரே நாளில் விரிவதில்லை. இன்று பத்து, நாளை இருபது என்று இரண்டு மூன்று வாரங்களுக்கு விரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஆறு வெள்ளை இதழ்கள், இதழ் நடுவே பச்சைக் கோடு, ஆறு மகரந்தக் கம்பிகள். நெதர்லாந்துப் படத்திலிருந்த ஊதாப் பந்துக்கு முன் இது சிறியதுதான். எலுமிச்சைக்கு மேலாகவும் ஆரஞ்சுக்குக் கீழாகவும் ஒரு வெண்பந்து. ஆயினும் காலைப் பாடத்துக்குப் பிள்ளைகள் வருமுன்பே அதைச் சுற்றித் தேனீக்கள் வந்துவிடுகின்றன. ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி ஓதலை நிறுத்தி, “ஹஜ்ரத், தேனீக்கு வெங்காய வாடை தெரியாதா?” என்று கேட்டாள்.

அவளைப் பூவருகே சென்று முகர்ந்து பார்க்கச் சொன்னோம். மங்கலான ஓர் இனிமை; அவ்வளவே. நசுக்காத வரை, நறுக்காத வரை வெங்காயம் வாடை வீசுவதில்லை. காயினுள் கந்தகச் சேர்மமும் அதனைச் சிதைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டு அறை உடையும்போதுதான் இரண்டும் கலந்து வாடை பிறக்கிறது. கண்ணில் நீரும் வருகிறது.

இந்தச் செய்தி ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவருக்குப் போதுமானதாக இல்லை. ரோஜா வைக்கலாம், மல்லிகை வைக்கலாம், மருதாணி வைக்கலாம்; பள்ளிவாசலை ஒட்டிய இடத்தில் வெங்காயமா என்று அவர் வருத்தப்பட்டார். வயதில் பெரியவர், பள்ளியின் கண்ணியத்தின் மீதுள்ள பற்றினால் கேட்டவர் என்பதால் அவருக்கு நிதானமாகவே விடை சொல்ல வேண்டியிருந்தது. அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

குர்ஆனில் வெங்காயம் ஒரே ஓரிடத்தில் வருகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 61-ஆம் வசனத்தில், வானிலிருந்து உணவு பெற்ற பனூ இஸ்ராயீல்கள் அது சலித்துப் போய், பூமி விளைவிக்கும் கீரை, வெள்ளரி, பருப்பு முதலியவற்றோடு வெங்காயத்தையும் மூஸா (அலை) அவர்களிடம் கேட்டனர். அங்கே கண்டிக்கப்படுவது அவர்களின் மனநிலையேயன்றி வெங்காயமன்று. நபிமொழிகளில், பச்சையாகப் பூண்டையோ வெங்காயத்தையோ உண்டவர் நம் பள்ளிவாசலை விட்டு விலகியிருக்கட்டும் என்ற கருத்து தெளிவாக வந்துள்ளது. மனிதர்க்குத் தொல்லை தருவது வானவர்க்கும் தொல்லை தரும் என்ற காரணமும் கூடவே வந்துள்ளது. கைபர் வெற்றியின்போது பசித்திருந்த தோழர்கள் பூண்டை வயிறார உண்டு தொழ வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதன் வாடையைக் கண்டித்ததும், பூண்டு ஹராமாகிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராமாக்கும் உரிமை தமக்கில்லை, அதன் வாடையைத் தாம் விரும்பவில்லை, அவ்வளவே என்று அவர்கள் உடனே விளக்கினார்கள். இது முஸ்லிமில் உள்ளது. உமர் (ரலி) அவர்கள் ஒரு ஜும்ஆ உரையில், உண்பதாயின் சமைத்து அதன் வாடையைப் போக்கி உண்ணுமாறு வழிகாட்டினார்கள். ஆக, வெங்காயம் அசுத்தமன்று, பாவப்பட்ட செடியுமன்று. சபையில் அருகில் நிற்பவருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதே விதியின் உயிர். சுவரோரம் பூத்து நிற்கும் செடி எவருக்கும் தொல்லை தரவில்லை. பெரியவர் தொட்டியருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “சரி, நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் போனார்.

அவரிடம் சொல்லாத ஒரு காரணமும் இருந்தது. தொட்டிகள் வைக்க நம்மைத் தூண்டியது நெதர்லாந்துப் படம் மட்டுமன்று.

மாலை மத்ரஸாவுக்கு வரும் மாணவன் ஒருவன், வயது ஒன்பது. அவன் தாயும் பாட்டியும் வெங்காயக் கொட்டகையில் தாளறுக்கும் வேலைக்குப் போகின்றவர்கள். தந்தை சுமைப்பணி. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் நேரே கொட்டகைக்குப் போய்த் தாய்க்கு உதவியாகச் சிறிது நேரம் காய் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே மத்ரஸாவுக்கு வருவான். அவன் சட்டையில், விரல் இடுக்கில், குர்ஆனைப் பிடிக்கும் கையில் அந்த வாடை இருக்கும். ஒரு மாலை, பாயில் அவன் அமர்ந்ததும் இருபுறமும் பிள்ளைகள் நகர்ந்தனர். ஒரு பையன், சென்ற வாரம்தான் மனனம் செய்த நபிமொழியைச் சரியான அரபியில், சரியான உச்சரிப்பில் ஓதிக்காட்டி, “நீ பள்ளிக்கு வரக்கூடாது” என்றான். சிறுவன் ஒன்றும் பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான்கு நாள் வரவில்லை.

ஓதியவன் சிறுபிள்ளை, தான் கற்றதைப் பொருத்திப் பார்த்தான், அவ்வளவே. ஆனால் வளர்ந்தவர்களும் இதனையே செய்ததுண்டு என்பதுதான் கவனிக்கத்தக்கது. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரியில் இந்த நபிமொழிக்கு விளக்கம் எழுதுமிடத்தில், அறிஞர்கள் சிலர் இவ்விதியை விரித்துக்கொண்டே சென்றதைக் குறிப்பிடுகிறார். முள்ளங்கி தின்று ஏப்பம் விடுபவரைச் சேர்த்தனர். வாய்நாற்றம் உள்ளவரை, புண்ணில் வாடை உள்ளவரைச் சேர்த்தனர். இன்னும் சிலர் மீன் விற்பவர் போன்ற தொழிலாளரையும் தொழுநோயாளரையும்கூடச் சேர்த்தனர். அதற்கடுத்து, இப்படி விரித்துச் செல்வதெல்லாம் ஏற்கத்தக்கதன்று என்ற பொருளில் இப்னு தகீக் அல்ஈத் (ரஹ்) கருத்துரைத்ததையும் இமாம் பதிவு செய்கிறார். ஹிஜ்ரி 702-இல் மறைந்தவர் அவர். எகிப்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். ஒரு நீதிபதியின் கண் அங்கே வேலை செய்திருப்பதாக நாம் எண்ணுகிறோம். விருப்பத்துக்குப் பூண்டு மென்றுவிட்டு வருபவர் வேறு. வயிற்றுக்காக மீன் கூடை சுமந்துவிட்டு வருபவர் வேறு. முன்னவரிடம் சற்றுப் பொறுத்து வா என்று சொல்லலாம். பின்னவரிடம் அதனைச் சொன்னால், அவர் பொறுக்க வேண்டியது வாழ்நாள் முழுவதும்.

இதற்கு முன்மாதிரி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் இருக்கிறது. மதீனாவின் மேட்டுப்புறக் குடியிருப்புகளிலிருந்து உழைப்பாளிகள் ஜும்ஆவுக்குப் புழுதியோடும் வியர்வையோடும் வருவார்கள், வாடை வீசும். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இந்நாளுக்காகக் குளித்துக்கொண்டால் நன்றாயிருக்குமே என்ற கருத்தில் மென்மையாகச் சொன்னார்கள். ஜும்ஆக் குளிப்பின் சிறப்பைப் பேசும் நாம், அது உழைப்பாளியின் வியர்வையை முன்னிட்டுச் சொல்லப்பட்டது என்பதைப் பேசுவது குறைவு.

ஐந்தாம் நாள் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாய் தலைமுந்தானையைச் சரிசெய்தபடி வாசலில் நின்று, “சோப்புப் போட்டுத்தான் அனுப்புறேன் ஹஜ்ரத், போக மாட்டேங்குது” என்றார்கள். குரலில் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு தாழ்வு இருந்தது. ஊரே உண்ணும் குழம்பு அவர்கள் விரல் வழியாக வருகிறது. தாழ்ந்து பேச வேண்டியவர்கள் அவர்களல்லர். அந்தப் பேச்சை மாற்றுவதற்காகவே, வெங்காயம் பூக்குமா என்று கேட்டோம். அவர்கள் முகம் மாறிவிட்டது. எந்தக் காய் பூக்கும், எது பூக்காது, நடுவதற்குக் கழுத்து ஒடுங்கிய கெட்டிக் காயாகப் பொறுக்க வேண்டும், பூத்தண்டு வந்தால் காற்றில் ஒடியாமல் குச்சி நட்டுக் கட்ட வேண்டும் என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினார்கள். கோ (ஆன்) 5 காய் எந்த உழவரிடம் கிடைக்கும் என்பதும் அவர்கள் சொல்லித் தெரிந்ததே. சிறுவன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் வந்தான். மத்ரஸா வாசலிலுள்ள குழாயடியில் சோப்பும் எலுமிச்சைத் துண்டுகளும் வைத்தோம். அவனுக்கு மட்டுமன்று, பந்தாடிவிட்டு வியர்வையோடு வருகின்ற அனைவருக்கும். கைகழுவி முடிக்கும் வரை பாடம் தொடங்குவதில்லை என்று ஒழுங்கு வைத்தோம். காய் நடும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தோம். எத்தனை ஆழம் என்று மற்றப் பிள்ளைகள் அவனைக் கேட்டனர். நபிமொழி ஓதிய பையனின் தொட்டிதான் முதலில் அழுகியது. அவனுக்கு மாற்றுக் காய் கொடுத்ததும் இவனே. இருவரும் உற்ற நண்பர்களாகிவிட்டனர் என்று எழுத ஆசைதான், அப்படி ஆகவில்லை. ஒரே பாயில் அமர்கிறார்கள். இன்னொரு பிள்ளையின் பெற்றோர் தம் மகனைச் சற்றுத் தள்ளியே உட்கார வைக்குமாறு இன்றும் சொல்லி அனுப்புகின்றனர். பாயில் இடம் பிடிப்பது வந்தவரின் வரிசைப்படிதான் என்று விடை அனுப்பியிருக்கிறோம்.

மாசி இறுதியில் பூப்பந்துகள் காய்ந்தன. ஒவ்வொரு பூவும் இருந்த இடத்தில் ஒரு சிறு கூடு. அது வெடித்தால் உள்ளே கன்னங்கரிய விதைகள். பார்ப்பதற்குக் கருஞ்சீரகம் போலவே இருக்கும். கடைகளில் கருஞ்சீரகத்தை வெங்காய விதை என்று தவறாகச் சொல்வோரும் உண்டு. இரண்டும் முற்றிலும் வேறான செடிகள். வயலுக்கு வாங்கிய வெங்காய விதையை மருந்தென்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். பூச்சிமருந்து கலந்து வருவதுண்டு. கூடுகள் வெடிக்கத் தொடங்கும் நேரத்தில் தண்டோடு அறுத்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, உதறி எடுத்தோம். ஒன்பது தொட்டியில் ஒரு தேநீர்க் குவளையில் பாதி அளவு தேறியது. உதிர்த்த பின்னும் பந்தின் எலும்புக்கூடு வடிவம் கெடாமல் நிற்கிறது. சிறுமிகள் சிலர் அவற்றை எடுத்துப் போய்ப் பழைய அத்தர்ப் புட்டிகளில் சொருகி வைத்திருக்கின்றனர்.

வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு கடந்தால் முளைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே இருப்பதைப் பொட்டலம் கட்டி வைத்துள்ளோம். வரும் ஐப்பசிக்குள் விதைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்தினர் அஸருக்குப் பின் மத்ரஸாவுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். பொட்டலங்கள் அச்சிறுவனின் பொறுப்பில் இருக்கின்றன. எப்படி நட வேண்டும் என்பதை அவன் சொல்லித் தருவான்.